தெரிந்த சொற்களில்தான் தடுமாற்றம்: ஓர் ஆங்கிலச் சொல்லட்டைத் தொகுப்பின் மதிப்புரை

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் தமிழ் வாசகருக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு மின்னட்டைத் தொகுப்பை மூன்று மாதங்கள் நாள் தவறாமல் பயன்படுத்தினேன். சமூகம், கல்வி, இசை என மூன்று பிரிவுகள். பிரிவுக்கு 200 சொற்கள். அட்டையின் முன்பக்கத்தில் ஆங்கிலச் சொல் இருக்கும். பின்பக்கத்தில் தமிழ்ப் பொருள், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், ஒலிப்பதிவு ஆகியவை இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும், தமிழைக் காட்டி ஆங்கிலத்தைக் கேட்கும் எதிர்த்திசை அட்டையும் உண்டு. தொகுப்பின் பெயரை இங்கே தரவில்லை. அதை உருவாக்கியவர் ஒரு தனி மனிதர் என்பது ஒரு காரணம்; இதே குறைகளும் இதே நிறைகளும் கொண்ட தொகுப்புகள் வேறு பலவும் இருப்பது மற்றொரு காரணம்.

தொகுப்பு இயங்கும் மென்பொருளான ஆன்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட இந்தத் திறந்தமூல மென்பொருளின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். ஒரு சொல் மறந்துபோகும் தறுவாயில் அதை மீண்டும் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் வேலை. தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹவுஸ் தொடங்கி, அட்டைகளைப் பெட்டிவிட்டுப் பெட்டி நகர்த்தும் முறையை 1970-களில் பரப்பிய செபாஸ்டியன் லைட்னர், 1987-இல் சூப்பர்மெமோ என்னும் மென்பொருளுக்கான கணக்குமுறையை வகுத்த பியோட்டர் வோஸ்னியாக் வரை பலருடைய உழைப்பு அதன் அடியில் இருக்கிறது. நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது ஆன்கியின் இயல்பான அமைப்பு. நான் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். குறைக்காதவர்கள் மூன்றாம் வாரத்தில் திரும்பி வரும் பழைய அட்டைகளின் குவியலைப் பார்த்து மலைத்துப்போவார்கள்.

எபிங்ஹவுஸைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர் மனப்பாடம் செய்தவை சொற்கள் அல்ல. பொருளே இல்லாத அசைகள். பழைய நினைவுகளோ தொடர்புகளோ குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே அவர் அவற்றைத் தேர்ந்தெடுத்தார். இந்தத் தொகுப்பின் மீது எனக்குள்ள அடிப்படையான குறையும் இங்கேதான் தொடங்குகிறது. தொகுத்தவர் ஆங்கிலச் சொற்களையும் அத்தகைய அசைகளாகவே நடத்துகிறார்: இந்த ஒலிக்கு இந்தத் தமிழ்ச் சொல், அவ்வளவுதான். ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், எவற்றோடு சேராது, அதன் முன்னால் 'த' என்னும் ஆங்கிலச் சுட்டுச்சொல் வருமா வராதா, பன்மை உண்டா என்பவற்றில் பெரும்பாலானவை அட்டைகளில் இல்லை. சொல் நினைவில் நிற்கிறது. ஆனால் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

சமூகப் பிரிவில் இது வெளிப்படையாகவே தெரிகிறது. 'சொசைட்டி' என்ற அட்டையின் பின்பக்கம் 'சமூகம்' என்கிறது. 'கம்யூனிட்டி' என்ற அட்டையின் பின்பக்கமும் 'சமூகம்' என்றே சொல்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இதனால் பெரிய தொல்லை இல்லை. எதிர்த்திசை அட்டையில் 'சமூகம்' என்று மட்டும் காட்டி ஆங்கிலச் சொல்லைக் கேட்கும்போது, எந்த விடையைத் தட்டினாலும் பாதி நாள் தவறு என்றே வரும். ஒரு மாதம் வரை என் நினைவாற்றலில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்க ஒரு வரி போதும்: ஒரே இடத்தாலோ தொழிலாலோ ஆர்வத்தாலோ தம்மை ஒன்றாக உணரும் மக்கள் 'கம்யூனிட்டி', அத்தகைய பல குழுக்களையும் அவற்றின் சட்டங்களையும் நிறுவனங்களையும் உள்ளடக்கிய பெரிய அமைப்பு 'சொசைட்டி'. தோழன் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது 'சொசைட்டி'. ஒரு நோக்கத்துக்காகக் கூடிய சங்கத்தையும் அது குறிக்கும் என்பதற்கும் தொகுப்பில் இடமில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பொதுவாகச் சமூகத்தைப் பற்றிப் பேசும்போது 'சொசைட்டி'க்கு முன்னால் 'த' வராது என்பது. 'இன் சொசைட்டி' என்பதே இயல்பு. தமிழில் இத்தகைய சுட்டுச்சொல் இல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் பெயர்களுக்கு முன்னாலும் அதைப் போட்டுவிடுவது நம் வழக்கமான பிழை. 'த பூர்' என்றால் ஏழை ஒருவர் அல்லர், ஏழை மக்கள் எல்லாரும். அதனால் பன்மை வினைதான் ஏற்கும். இவை இலக்கணப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று தொகுத்தவர் நினைத்திருக்கலாம். நான் உடன்படவில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த விதி பொருந்துமோ அந்தச் சொல்லின் அட்டையில்தான் அது இருக்க வேண்டும்.

தமிழில் ஏற்கெனவே இருக்கும் நுட்பத்தைத் தொகுப்பு கைவிட்டுவிடும் இடங்களும் உண்டு. 'ஹேபிட்', 'கஸ்டம்' இரண்டுக்கும் 'பழக்கவழக்கம்' என்று பொருள் எழுதியிருக்கிறது. அந்த இணைச்சொல்லைப் பிரித்துப் பார்த்திருந்தாலே வேலை முடிந்திருக்கும்: ஒருவர் தனக்குத்தானே படியவைத்துக்கொண்டது பழக்கம், அது 'ஹேபிட்', பலர் வழிவழியாகச் செய்து வருவது வழக்கம், அது 'கஸ்டம்'. அதையே பன்மையாக்கினால் சுங்கத்துறையையும் குறிக்கும் என்று ஒரு குறிப்புச் சேர்த்திருந்தால் விமான நிலையப் பலகையைப் பார்த்து யாரும் குழம்ப மாட்டார்கள். 'எமிக்ரேட்', 'இமிக்ரேட்' இரண்டும் இப்படித்தான். இரண்டுக்கும் 'இடம்பெயர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டைவிட்டுக் குடிபெயர்வது முன்னது, இன்னொரு நாட்டில் குடியேறுவது பின்னது. தமிழ் இவற்றை என்றைக்கோ பிரித்து வைத்திருக்கிறது.

சொற்தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்வர்களின் ஆட்சியைக் குறிக்கும் 'ப்ளூடாக்ரசி' இருக்கிறது, 'பாலிசி' இல்லை. மொழியியலாளர் அவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கும். 'பாலிசி', 'கம்யூனிட்டி', 'கல்ச்சர்', 'வெல்ஃபேர்', 'மைக்ரேட்' எல்லாம் அதில் இருப்பவை. சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க விரும்பும் ஒருவருக்கு அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு இந்த 200-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் பெரும் உதவியாக இருந்திருக்கும்.

கல்விப் பிரிவை நான் மிக எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதங்களில் அதிகமாகத் தவறியதும் அதில்தான். காரணம், அந்தச் சொற்களில் பாதி நமக்கு முன்பே தெரியும். தெரிந்த பொருளில்தான் அவற்றை ஆங்கிலமும் ஆள்கிறது என்று நம்பிவிடுகிறோம். 'ட்யூஷன்' என்ற சொல்லைத் தமிழில் பள்ளி நேரத்துக்கு வெளியே கட்டணம் கொடுத்துப் படிப்பதற்குப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் அது கற்பித்தல் என்னும் செயல். அமெரிக்க வழக்கில் கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணமே அது. 'ஃபேக்கல்ட்டி' பிரிட்டிஷ் வழக்கில் பல்கலைக்கழகத்தின் ஒரு புலம், அமெரிக்க வழக்கில் ஆசிரியர் குழு. தமிழில் பேசும்போது அதை ஓர் ஆசிரியரைக் குறிக்கவும் பயன்படுத்திவிடுகிறோம். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அமெரிக்காவில் அரசு நடத்தும் பள்ளி. இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் பழைமையான தனியார் பள்ளி. தொகுப்பில் இந்த அட்டை 'பொதுப் பள்ளி' என்று முடிந்துவிடுகிறது. இரண்டு நாடுகளின் செய்திகளில் எதைப் படித்தாலும் சரிபாதி வாய்ப்பில் தவறாகப் புரிந்துகொள்ள இந்த ஓர் அட்டை போதும்.

வினைச்சொற்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழில் 'படித்தேன்' என்ற ஒரே சொல் நாளிதழை வாசித்ததையும், தேர்வுக்குத் தயாரானதையும், ஒரு கல்லூரியில் பயின்றதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் வாசித்தது 'ரெட்', முயன்று பயின்றது 'ஸ்டடிட்', பயின்றதன் விளைவாக உள்ளே தங்கியது 'லேர்ன்ட்'. பத்து மணி நேரம் 'ஸ்டடி' செய்தும் ஒன்றும் 'லேர்ன்' ஆகாமல் இருக்க முடியும் என்று ஒரு வாக்கியம் எழுதினாலே வேறுபாடு மனத்தில் பதிந்துவிடும். தொகுப்பில் இரண்டுக்கும் பின்பக்கம் 'படி'. தேர்வை நாம் எழுதுகிறோம். அதனால் 'ரைட் அன் எக்ஸாம்' என்கிறோம். பிரிட்டிஷார் தேர்வுக்கு 'சிட்' செய்வார்கள் அல்லது அதை 'டேக்' செய்வார்கள். அமெரிக்கர்களுக்கு 'டேக்' மட்டும் போதும். தேர்வுக்கு முன் பாடத்தை மீண்டும் பார்ப்பது பிரிட்டனில் 'ரிவைஸ்', அமெரிக்காவில் 'ரிவ்யூ'. அமெரிக்கரிடம் 'ரிவைஸ்' என்றால் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகத்தான் புரிந்துகொள்வார். கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று சொல்வது நம்மிடையே இயல்பு. மற்ற இடங்களில் பெரும்பாலும் அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். வகுப்பில் கை உயர்த்தி 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் அப்படியே. நாம் விளக்கம் கேட்கிறோம். கேட்பவருக்கோ அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று தோன்றும். 'கொஸ்சன்' என்ற எளிய சொல் அந்த இடத்துக்குப் போதும். இத்தகைய இடறுமிடங்களில் ஒன்றைக்கூடத் தொகுப்பு சுட்டிக்காட்டவில்லை என்பதே இந்தப் பிரிவைப் பற்றிய என் கடுமையான மதிப்பீடு.

இருந்தாலும் இந்தப் பிரிவில் என்னைக் கட்டிப்போட்டது ஒன்று உண்டு. சில அட்டைகளில் சொல்லின் வரலாற்றை இரண்டு மூன்று வரிகளில் தந்திருக்கிறார்கள். 'ஸ்கூல்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். 'கரிக்குலம்' என்பது லத்தீனில் ஓட்டம், ஓடுபாதை. 'சிலபஸ்' பிறந்த கதை இன்னும் வேடிக்கை: பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை 15-ஆம் நூற்றாண்டில் அச்சிட்டபோது, சுருளின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார்கள். அந்தப் பிழையே சொல்லாக நிலைத்து, இன்று உலகத்து மாணவர்களையெல்லாம் ஆட்டிவைக்கிறது. 'ப்யூபில்' என்ற அட்டையில் தொகுத்தவர் ஒரு பொன்னான வாய்ப்பை நழுவவிட்டார். மாணவரைக் குறிக்கும் சொல்லும் கண்மணியைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்றே. கண்ணுக்குள் தெரியும் சிறிய உருவத்தைப் பொம்மையாகக் கண்டு லத்தீனில் அப்பெயர் வைத்தார்கள் என்று அட்டை சொல்கிறது. தமிழிலும் கண்மணிக்குப் பாவை என்று பெயர், பாவை என்றாலும் பொம்மைதான் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த ஒப்புமை தோன்றிய நாளிலிருந்து அந்த அட்டை எனக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

இசைப் பிரிவு வேறு யாரோ உருவாக்கியது போல இருக்கிறது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் ஒலி என்பது கணினிக் குரல் சொல்லை ஒருமுறை உச்சரிப்பது மட்டுமே. இங்கே ஒலியே பொருளாகிறது. 'பிட்ச்' என்ற அட்டையைத் திருப்பினால் ஒரு சுரம் தாழ்ந்தும் அடுத்து உயர்ந்தும் கேட்கிறது. 'டெம்போ' என்றால் ஒரே மெட்டு மெதுவாகவும் பிறகு விரைவாகவும் ஒலிக்கிறது. 'மெலடி' அட்டையில் தனியாக வரும் மெட்டு, 'ஹார்மனி' அட்டையில் உடன் ஒலிக்கும் சுரங்களோடு சேர்ந்து வருகிறது. 'க்ரெசெண்டோ'வுக்கு நீண்ட விளக்கமே இல்லை. ஒலி படிப்படியாகப் பெருகுவதை ஏழெட்டு நொடிகள் கேட்கவைத்து நிறுத்திவிடுகிறார்கள். 'பீட்' என்பது சீராக விழும் துடிப்பு, 'ரிதம்' என்பது அந்தத் துடிப்பின் மேல் அமையும் நீட்டல் குறுக்கல்களின் கோலம் என்ற வேறுபாட்டை இதற்கு முன் பலமுறை படித்திருக்கிறேன். கேட்டுப் புரிந்துகொண்டது இந்த இரண்டு அட்டைகளில்தான். 'ரிதம்' என்ற சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளில் வழக்கமான ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட இல்லை என்று எழுத்துக்கூட்டலையும் அங்கேயே நினைவூட்டியிருப்பதைப் பாராட்ட வேண்டும்.

இசைச் சொற்களில் பெரும்பகுதி இத்தாலிய மொழியிலிருந்து வந்தவை என்பதை இந்தப் பிரிவு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. 'அலெக்ரோ' மகிழ்ச்சியானது, 'ஆண்டான்டே' நடக்கும் வேகத்தில் செல்வது, 'ஸ்கேல்' ஏணி. பார்ட்டோலோமியோ கிறிஸ்டோஃபோரி 1700-ஐ ஒட்டி ஃப்ளாரன்ஸில் உருவாக்கிய கருவி மென்மையாகவும் உரக்கவும் ஒலிக்கக்கூடியது என்பதால் அதன் பெயரில் 'பியானோ', 'ஃபோர்ட்டே' இரண்டும் இருந்தன. காலப்போக்கில் மென்மை மட்டும் பெயராக மிஞ்சியது. இந்த ஓர் அட்டையில் மூன்று சொற்கள் ஒரே மூச்சில் மனத்தில் அமர்ந்துவிடுகின்றன.

ஆனால் தமிழ்ப் பொருளில் இங்கும் அவசரம் தெரிகிறது. 'ஸ்கேல்' என்பதற்கு 'ராகம்' என்று எழுதியிருப்பது பிழை. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் சேர்ந்தால் சுரவரிசை கிடைக்கும். ராகம் அதற்கு மேலும் தனக்கே உரிய சுரக்கோவைகளான பிடிப்புகளும், சுரங்களை அசைத்து இழைக்கும் கமகங்களும் கொண்டது. 'பிட்ச்', 'கீ' இரண்டுக்கும் 'சுருதி' என்றிருப்பது சமூகம் படுத்திய பாட்டை நினைவூட்டியது. 'க்வேவர்', 'எய்த் நோட்' இரண்டும் ஒரே கால அளவைத்தான் குறிக்கின்றன, முன்னது பிரிட்டிஷ் வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு என்று சொல்லாமல் இரண்டையும் தனித்தனிச் சொற்களாக வைத்திருக்கிறார்கள். 'ஃபேஸ் த மியூசிக்' என்ற மரபுத்தொடருக்குப் பின்பக்கத்தில் 'இசையை எதிர்கொள்' என்று கண்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். செய்ததற்கான விளைவைத் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வதையே அது குறிக்கும்.

'ப்ளே' என்ற வினை தனியே பேச வேண்டியது. கருவிகளைப் பொறுத்தவரை தமிழ் நுட்பமானது: வீணையை மீட்டுவோம், குழலை ஊதுவோம், முரசைக் கொட்டுவோம், பொதுவாகச் சொன்னால் வாசிப்போம். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் 'ப்ளே' என்கிறது. தேவைப்பட்டால்தான் 'ப்ளக்', 'ப்ளோ', 'பீட்' என்று பிரிக்கிறது. அதே வினை விளையாட்டுக்கும் வருகிறது, ஒரு வேறுபாட்டோடு: கருவியின் பெயருக்கு முன் பெரும்பாலும் 'த' வரும், விளையாட்டின் பெயருக்கு முன் வராது. அதேபோல் 'மியூசிக்' எண்ணப்படாத பெயர். 'எ மியூசிக்' என்று சொல்ல முடியாது, 'எ பீஸ் ஆஃப் மியூசிக்' என்றே சொல்ல வேண்டும். கல்விப் பிரிவின் 'ஹோம்வொர்க்' என்ற சொல்லும் இதே இனம். இந்தப் பிரிவின் அட்டைகளில் மட்டும் இவை ஓரளவு குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதால்தான் வேறொருவர் உருவாக்கியிருக்க வேண்டும் என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பைத் தந்திருப்பதைப் பற்றிக் கடைசியாக ஒரு சொல். இந்தக் கட்டுரையிலும் அதையே செய்திருக்கிறேன் என்பதால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: படிக்க அது வசதி, பேசக் கற்க அது தடை. தமிழின் பகரம் ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளைத் தனித்துக் காட்டாது. எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதை நம் எழுத்துமுறை சொல்லவே சொல்லாது. 'மியூசிக்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம், 'மியூசிஷியன்' என்பதில் இரண்டாம் அசைக்கு. 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முதல் அசையிலும் வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். தாழ்ந்த ஒலியைக் குறிக்கும் 'பேஸ்' என்ற இசைச் சொல்லைத் தொகுப்பு 'பாஸ்' என்று எழுதியிருக்கிறது. அதே எழுத்துக்கூட்டலில் உள்ள மீனின் பெயரை ஒத்த உச்சரிப்பு அது. ஒலிப்பதிவு சரியாகவும் எழுத்து தவறாகவும் இருக்கும்போது கற்பவர் எதை நம்புவார் என்று தெரியவில்லை. அமைப்பில் உச்சரிப்பு வரியை மறைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பியதில் எனக்கு நன்மையே விளைந்தது.

ஆங்கிலத்தை ஓரளவு வாசிக்கத் தெரிந்து, இசைச் செய்திகளையோ நேர்காணல்களையோ ஆங்கிலத்தில் பின்தொடர விரும்புவோருக்கு மூன்றாம் பிரிவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கல்விப் பிரிவைச் சொல்வரலாற்று அட்டைகளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் படிக்கச் செல்பவர்கள் அதன் தமிழ்ப் பொருளை நம்பி விண்ணப்பம் எழுத வேண்டாம். சமூகப் பிரிவை இப்போதுள்ள நிலையில் தொடக்கநிலை மாணவர் யாருக்கும் கொடுக்க மாட்டேன். நானே அதில் 70 அட்டைகளுக்கு மேல் திருத்திவிட்டேன். பின்பக்கத்தில் இருந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, உடன்வரும் சொற்களோடு ஒரு வாக்கியத்தை எழுதி, நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டேன். 'சமூகம்' என்று கேட்ட இரண்டு அட்டைகளும் இப்போது இரண்டு வெவ்வேறு வாக்கியங்களைக் காட்டுகின்றன. சென்ற வாரம் இரண்டும் அடுத்தடுத்து வந்தபோது இரண்டுக்கும் சரியான விடையைத் தந்தேன்.